எஃப்எஃப்எம்பெக்கை உங்கள் ஆப்புக்குள்ளிருந்து ஓட்டுவது எப்படி

பயனர் ஏற்றும் வீடியோவை எம்பி4 ஆக மாற்றித் தர வேண்டும் என்றால் அதற்கான கணக்கை எல்லாம் யாரும் தாமே எழுதுவதில்லை. வீடியோவையும் ஆடியோவையும் மாற்றித் தரும் கமாண்ட்-லைன் புரோகிராமான எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது, பைத்தானில் ஒரே வரியில் கூப்பிட்டுவிடலாம். லேப்டாப்பில் அந்த வரி ஒரு குறையுமின்றி ஓடும். சர்வரில் ஏற்றியபின் தொல்லைகள் வரிசை கட்டும்: பெரிய வீடியோ பாதியில் தொங்கும், நிறுத்தச் சொன்னாலும் பின்னணியில் சிபியு எரியும், டிஸ்கில் திறக்காத கோப்புகள் குவியும். இத்தனைக்கும் வேர் ஒன்றே. ஒரு புராசஸை, அதாவது ஓடும் புரோகிராமை, தொடங்கியவர்தான் அதற்கு என்ன போகிறது, அதிலிருந்து என்ன வருகிறது, எவ்வளவு நேரம் ஓடலாம், எப்படி முடிகிறது என்ற நான்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடங்கும் வரியை மட்டும் எழுதினால் மீதி மூன்றரைப் பங்கு வேலை அப்படியே நிற்கிறது.

கீழே உள்ளவை லினக்ஸ் சர்வர், பைத்தான் 3, எஃப்எஃப்எம்பெக் என்ற அமைப்பை வைத்து எழுதியவை. விண்டோஸ் டெஸ்க்டாப்பில் மாறுபவை கடைசியில் உள்ளன. வேறு மொழியில் எழுதுபவர்களுக்கும் அடிப்படை இதேதான். ஃபங்க்ஷன் பெயர்தான் மாறும்.

கமாண்டைக் கட்டுவது

டெர்மினலில் எழுதும் கமாண்டைப் படித்து ஓட்டும் ஷெல் வழியாகக் கூப்பிடாதீர்கள். வெளி புரோகிராம்களை ஓட்டும் பைத்தானின் சப்புராசஸ் மாட்யூலில் 'ஷெல்' என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்கி, முழு கமாண்டையும் ஒரே சரமாக ஒட்டிக் கொடுத்தால், பயனர் வைத்த கோப்புப் பெயருக்குள் இருக்கும் அரைப்புள்ளியும் அதற்குப் பின் வரும் எந்தக் கமாண்டும் உங்கள் சர்வரில் ஓடும். கமாண்டை லிஸ்ட்டாகக் கொடுங்கள். முதல் உறுப்பு புரோகிராமின் முழுப் பாதை. பிறகு ஒவ்வொரு ஆர்கியூமென்ட்டும் தனித்தனி உறுப்பு.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். டெர்மினலில் போட்ட பழக்கத்தில் கோப்புப் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடுவது ஒன்று. லிஸ்ட்டில் அந்தக் குறியும் பெயரின் பகுதியாகிவிடும், 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பிழை வரும். ஆப்ஷனையும் அதன் மதிப்பையும் இடைவெளி விட்டு ஒரே உறுப்பாக எழுதுவது இன்னொன்று. அப்போது அப்படி ஒரு ஆப்ஷனே தெரியாது என்று எஃப்எஃப்எம்பெக் சொல்லும்.

லிஸ்ட் கொடுத்தால் ஷெல் ஆபத்து போய்விடும். கோப்புப் பெயரின் ஆபத்து போகாது. '-' குறியில் தொடங்கும் பெயரை எஃப்எஃப்எம்பெக் ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். பெயரில் முக்காற்புள்ளி இருந்தால் அதற்கு முன்னால் உள்ளதை நெறிமுறைப் பெயர் என்று நினைக்கலாம். பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு எல்லையும் இடிக்கும். லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். எழுத்துகளைப் பைட்டாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். ஆக 85 குறியீட்டுக்கு மேல் இடமில்லை. பயனரின் பெயரைத் தரவுதளத்தில் வைத்துக்கொண்டு, டிஸ்கில் நீங்களே உருவாக்கிய எண்ணை மட்டும் பெயராகப் பயன்படுத்துங்கள். மேலே சொன்ன எல்லாமே அதோடு ஒழியும்.

கோப்பின் உள்ளடக்கத்தையும் நம்பக் கூடாது. ஒரு ப்ளேலிஸ்ட் கோப்பை வீடியோ போல வேடமிட்டு ஏற்றி, அதற்குள் உங்கள் உள் நெட்வொர்க்கின் முகவரியையோ சர்வரின் கோப்பையோ குறிப்பிடும் தாக்குதல் நன்றாகத் தெரிந்த ஒன்று. உள்ளீட்டு ஆப்ஷனுக்கு முன்னால் நெறிமுறை அனுமதிப் பட்டியலில் 'ஃபைல்' மட்டும் கொடுத்தால் நெட்வொர்க் வழி அடைபடும். எந்த வடிவங்களை ஏற்பீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து, உள்ளீட்டு வடிவத்தை நீங்களே குறிப்பிட்டால் ப்ளேலிஸ்ட்டே திறக்காது. எஃப்எஃப்எம்பெக்கில் ஆப்ஷனின் இடம் முக்கியம்: உள்ளீட்டுக் கோப்புக்கு முன் எழுதியது உள்ளீட்டுக்கு, பின் எழுதியது வெளியீட்டுக்கு. வீடியோவின் நீளம் போன்ற விவரங்களை முன்கூட்டிப் பார்க்க ஓட்டும் எஃப்எஃப்ப்ரோப்புக்கும் இதே கட்டுப்பாடுகள் வேண்டும். அதுவும் அதே கோப்பைத்தான் திறக்கிறது.

பாதையை முழுதாக எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானிலும், சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியிலும் ஓடும் புராசஸுக்கு உங்கள் டெர்மினலின் பாத் (புரோகிராமைத் தேடும் டைரக்டரிப் பட்டியல்) கிடைக்காது. ஆப் தொடங்கும்போதே ஒருமுறை எஃப்எஃப்எம்பெக்கின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடட்டும்.

மூன்று குழாய்கள்

ஒவ்வொரு புராசஸுக்கும் இன்புட், அவுட்புட், எரர் என மூன்று குழாய்கள் உண்டு. அதிக நேரம் தின்னும் பிழைகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

முதலில் ஸ்டாண்டர்ட் இன்புட். எதுவும் சொல்லாவிட்டால் பிள்ளை புராசஸ் (நீங்கள் தொடங்கியது) தாயின் (உங்கள் ஆப்பின்) இன்புட்டையே பிடித்துக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது விசைப்பலகையைக் கவனிக்கும். வெளியீட்டுக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் 'மேலெழுதவா?' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். சர்வரில் பதில் சொல்ல யாரும் இல்லை. இன்புட்டை எதுவும் தராத வெற்றுக் கோப்பான டெவ்நல்லுக்குத் திருப்பி, '-நோஸ்டிடின்' ஆப்ஷனையும் மேலெழுத ஒப்புக்கொள்ளும் '-ஒய்' ஆப்ஷனையும் சேருங்கள்.

அடுத்தது ஸ்டாண்டர்ட் எரர். எஃப்எஃப்எம்பெக் தன் முழு லாகையும் முன்னேற்ற வரியையும் இங்கேதான் கொட்டும். நீங்கள் அதைப் பைப்பாக எடுத்து, படிக்காமல் வெயிட் மட்டும் கூப்பிட்டால் என்ன ஆகும்? லினக்ஸில் பைப்பின் பஃபர் வழக்கமாக 65,536 பைட். அது நிரம்பியதும் எஃப்எஃப்எம்பெக் எழுத முடியாமல் நிற்கும். நீங்கள் அது முடியட்டும் என்று நிற்பீர்கள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக் கிடக்க, பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு நிமிட வீடியோ தேறிவிடும், இரண்டு மணி நேர வீடியோ தொங்கும். கோப்பில்தான் கோளாறு என்று தோன்ற வைப்பது அதனால்தான். சந்தேகம் வந்தால் அந்த புராசஸ் லினக்ஸின் மையமான கெர்னலிடம் விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். எரர் குழாயான 2 ஆம் எண்ணுக்கு எழுதும் அழைப்பு முடியாமல் நின்றுகொண்டிருந்தால் நோய் இதுவே.

கம்யூனிகேட் ஃபங்க்ஷன் இரண்டு குழாயையும் சேர்த்தே படிப்பதால் இந்த முடிச்சு விழாது. ஆனால் படித்த எல்லாவற்றையும் நினைவகத்தில் சேர்க்கும், முடியும் வரை எதையும் தராது. வீடியோ வேலைக்குப் பொருத்தமான ஏற்பாடு இது: எரரை வேலைக்கு ஒன்றாக ஒரு லாக் கோப்புக்குத் திருப்புங்கள், லாக் அளவை எச்சரிக்கை வரை குறையுங்கள், முன்னேற்றத்தை மட்டும் '-ப்ராக்ரஸ்' ஆப்ஷன் மூலம் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டான 1 ஆம் குழாயில் வரவழையுங்கள். அதில் பெயரும் மதிப்பும் சமக்குறியால் இணைந்த வரிகள் கற்றை கற்றையாக வரும். ஒவ்வொரு கற்றையும் 'தொடர்கிறது' அல்லது 'முடிந்தது' என்ற பொருளுள்ள வரியில் நிற்கும். எவ்வளவு தூரம் மாற்றியாயிற்று என்பதை மைக்ரோ விநாடியில் சொல்லும் வரியை எடுத்து, எஃப்எஃப்ப்ரோப் சொன்ன மொத்த நீளத்தை அதே அலகுக்கு மாற்றி அதனால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். மில்லி விநாடி என்று பெயர் வைத்த இன்னொரு வரியும் வரும். பெயர் அப்படியிருந்தாலும் அதன் மதிப்பும் மைக்ரோ விநாடிதான். அதை நம்பினால் சதவீதம் ஆயிரம் மடங்கு பிசகும். தொடக்கத்தில் எண்ணுக்குப் பதில் 'பொருந்தாது' என்ற குறி வரலாம். எண்ணாக மாற்றும் முன் அதைப் பாருங்கள்.

நேரமும் நிறுத்தமும்

வெப் கோரிக்கைக்குள் வைத்து மாற்றாதீர்கள். பைத்தான் ஆப்பை ஓட்டும் ஜீயுனிகார்னின் இயல்பு டைம்அவுட் 30 விநாடி, அதற்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் பின்னாலிருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பது 60 விநாடி. ஜீயுனிகார்ன் தன் வொர்க்கரைக் கொல்லும்போது எஃப்எஃப்எம்பெக் சாகாது; அநாதையாக ஓடிக்கொண்டே இருக்கும். பயனர் மறுபடி பட்டனை அழுத்துவார், இரண்டாவது எஃப்எஃப்எம்பெக் கிளம்பும். வேலையை செலரி, ஆர்க்யூ போன்ற க்யூவில் போட்டு, 'ஏற்றுக்கொண்டேன்' என்று பொருள்படும் 202 என்ற பதிலோடு வேலை எண்ணை உடனே திருப்பிக் கொடுங்கள். எஃப்எஃப்எம்பெக் பயன்படுத்தும் வீடியோ என்கோடரான எக்ஸ்264 இயல்பாகவே இருக்கும் கோர்களை எல்லாம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு சர்வரில் ஒரே சமயம் ஒன்று அல்லது இரண்டு மாற்றங்கள் போதும்.

டைம்அவுட்டில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். 'ரன்' ஃபங்க்ஷனுக்கு டைம்அவுட் கொடுத்தால் நேரம் முடிந்ததும் அது பிள்ளையைக் கொன்றுவிட்டுப் பிழை எழுப்பும். கம்யூனிகேட்டுக்குக் கொடுத்தால் பிழை மட்டும் எழும். பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கும். கொல்வதும் மீதியைப் படித்து முடிப்பதும் உங்கள் பாடு.

வீடியோவுக்கு ஒரே நிலையான எல்லை ஒத்துவராது. வீடியோ நீளத்தின் இத்தனை மடங்கு என்று ஒரு மேல் எல்லையும், 60 விநாடியாக முன்னேற்ற வரியே வரவில்லை என்றால் நிறுத்து என்று ஒரு தேக்க எல்லையும் வையுங்கள். தேக்கத்தைக் கண்டுபிடிக்க, குழாயை வரி வரியாகப் படிக்கும் லூப் போதாது; வரி வராவிட்டால் அந்த லூப்பே நின்றுவிடும். தனி த்ரெட் (ஆப்புக்குள்ளேயே இணையாக ஓடும் வேலை) குழாயைப் படித்து ஒரு க்யூவில் போடட்டும், முதன்மை த்ரெட் அந்த க்யூவிலிருந்து 60 விநாடி எல்லையோடு எடுக்கட்டும்.

நிறுத்தும்போது முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல், 10 விநாடி பொறுத்து இன்னும் இருந்தால் உடனே கொல்லும் சிக்கில். சிக்டெர்ம் கிடைத்தால் எஃப்எஃப்எம்பெக் கோப்பை முறையாக மூடிவிட்டு 255 என்ற எக்ஸிட் கோடோடு (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) வெளியேறும். சிக்கில் கொடுத்தால் எம்பி4 இன் அட்டவணையான 'மூவ்' பகுதி எழுதப்படாமல் போகும். அந்தக் கோப்பை எந்த ப்ளேயரும் திறக்காது.

இடையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தால் சிக்னல் ஸ்கிரிப்ட்டுக்குத்தான் போகும், அது தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் தப்பிவிடும். அது மட்டுமல்ல: தப்பிய பேரப்பிள்ளை குழாயின் எழுதும் முனையைக் கையில் வைத்திருப்பதால், பிள்ளையைக் கொன்ற பிறகும் உங்கள் கம்யூனிகேட் திரும்பாது. 'ஸ்டார்ட் நியூ செஷன்' ஆப்ஷனோடு தொடங்குங்கள், கொல்லும்போது கில்-பிஜி ஃபங்க்ஷன் மூலம் புராசஸ் குழு முழுவதற்கும் சிக்னல் அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

வொர்க்கரே செத்தால்? அதைச் சிஸ்டம்டி சர்வீஸாக ஓட்டினால், புதிய செஷனில் இருந்தாலும் பிள்ளைகள் அந்த சர்வீஸின் புராசஸ்களைச் சேர்த்து வைக்கும் அதே கண்ட்ரோல் குரூப்பில்தான் இருப்பார்கள்; சர்வீஸ் நிற்கும்போது எல்லாரும் சேர்ந்து போவார்கள். இயல்பு அமைப்பில் நிறுத்தும் சிக்னல் எஃப்எஃப்எம்பெக்குக்கும் நேரடியாகப் போய்விடும். புதிய பதிப்பு ஏற்றும் ஒவ்வொரு முறையும் 255 வரும், அதைப் பார்த்து 'கோப்பு கெட்டது' என்று பயனருக்குச் சொல்லிவிடாதீர்கள். சர்வீஸ் அமைப்பில் கில்மோடை 'மிக்ஸ்ட்' ஆக்கினால் சிக்னல் முதலில் வொர்க்கருக்கு மட்டும் போகும். ஓடும் வேலையை என்ன செய்வது என்று அது முடிவெடுக்கலாம். அதற்குக் கிடைக்கும் நேரம் இயல்பாக 90 விநாடி. ஆப்பைத் தனிக் கண்டெய்னரில் ஓட்டும் டாக்கரில் அது 10 விநாடிதான். அங்கே '--இனிட்' கொடுத்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அநாதைப் புராசஸ்கள் செத்தும் நீங்காத ஜாம்பியாகப் பட்டியலில் தேங்கும்.

முடிவைப் படிப்பது

எக்ஸிட் கோட் 0 வந்தாலும் வெளியீட்டை எஃப்எஃப்ப்ரோப்பால் பார்த்து, நீளம் மூலக் கோப்போடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பாதி சிதைந்த கோப்பில் முடிந்தவரை மாற்றிவிட்டு எஃப்எஃப்எம்பெக் 0 கொடுப்பதுண்டு. பைத்தானில் கோட் எதிர்ம எண்ணாக இருந்தால் சிக்னலால் செத்தது என்று பொருள். நீங்கள் கொல்லாமலே -9 வந்தால் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கும். கெர்னல் லாகில் அந்த வரி இருக்கும். அதுவே ஷெல் வழியாக வந்தால் 137 என்று தெரியும். ஷெல்லில் 127 என்றால் கமாண்டே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தும் ஓட்ட அனுமதி இல்லை. 'கோப்பு இல்லை' என்ற பைத்தான் பிழை புரோகிராமைப் பற்றியதாகவே இருக்க வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த வேலை டைரக்டரி இல்லாவிட்டாலும், ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் உள்ள இன்டர்பிரட்டர் இல்லாவிட்டாலும் அதே பிழைதான்.

வெளியீட்டை இறுதிப் பெயரில் நேரடியாக எழுதாதீர்கள். அதே டைரக்டரியில் தற்காலிகப் பெயரில் எழுதி, சரிபார்த்த பிறகு பெயரை மாற்றுங்கள். டெம்ப் டைரக்டரி வேறு டிஸ்க்கில் இருந்தால் பெயர் மாற்றம் தோற்கும். நீட்டிப்பைப் பார்த்தே எஃப்எஃப்எம்பெக் வடிவத்தை ஊகிப்பதால் தற்காலிகப் பெயரும் எம்பி4 என்றே முடியட்டும்.

விண்டோஸ் டெஸ்க்டாப்பில்

கறுப்புக் கன்சோல் ஜன்னல் மின்னி மறையாதிருக்க 'கிரியேட் நோ விண்டோ' ஃபிளாக் கொடுங்கள். இங்கே சிக்டெர்ம் கிடையாது. டெர்மினேட் என்பது ஒரே அடியாகக் கொல்வது. மரியாதையாக நிறுத்த, இன்புட்டைப் பைப்பாக வைத்து அதில் 'க்யூ' எழுத்தை அனுப்புங்கள். அப்போது '-நோஸ்டிடின்' சேர்க்கக் கூடாது. பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டுபோக புராசஸ்களை ஒன்றாகக் கட்டும் ஜாப் ஆப்ஜெக்ட்டில் போட்டு, ஆப் மூடினால் எல்லாம் சாகும்படி அமையுங்கள்.

விண்டோஸில் ஆர்கியூமென்ட்கள் கடைசியில் ஒரே சரமாகத்தான் போகின்றன. உச்ச அளவு 32,767 எழுத்து. விண்டோஸ் ஸ்கிரிப்ட்டான பேட் கோப்பைக் கூப்பிட்டால் அந்தச் சரத்தை கமாண்ட் ப்ராம்ப்ட் தன் சொந்த விதிப்படி பிரிக்கும். இதே காரணத்தால் 2024 இல் ரஸ்ட், நோட் உள்ளிட்ட பல மொழிகளும் தளங்களும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டன. எக்ஸ்இ கோப்பையே நேரடியாகக் கூப்பிடுங்கள். வெளியீட்டைப் படிக்கும்போது யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீடியோவின் தமிழ்த் தலைப்பு சிதைந்து வரும், அல்லது படிக்கும் த்ரெட்டே பிழையில் சாகும். திரையை நடத்தும் யுஐ த்ரெட்டில் வெயிட் கூப்பிடக் கூடாது. யுஐ நூலகமான க்யூடியில் எழுதுபவர்களுக்கு க்யூபுராசஸ் இந்த வேலையைச் சிக்னல்களாகவே தருகிறது (இவை க்யூடியின் சொந்த நிகழ்வு அறிவிப்புகள், மேலே சொன்ன சிக்னல்கள் அல்ல).

சர்வரில் ஏற்றும் முன் இவற்றை ஓட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேர வீடியோ ஒன்று. பெயரில் மேற்கோள் குறியும் முக்காற்புள்ளியும் உள்ள கோப்பு ஒன்று. வீடியோ என்று பெயர் மாற்றிய டெக்ஸ்ட் கோப்பு ஒன்று. நிரம்பும் தறுவாயில் இருக்கும் டிஸ்க். கடைசியாக, வேலை பாதியில் இருக்கும்போது வொர்க்கரை சிக்கில் கொடுத்துக் கொன்று, ஒரு நிமிடம் கழித்து புராசஸ் பட்டியலில் எஃப்எஃப்எம்பெக் மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். மிச்சமிருந்தால் சர்வீஸ் அமைப்பில்தான் ஓட்டை.