நின்றுபோன எம்ஜிபியை மறுபடி ஓட வைப்பது எப்படி?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, நம் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது எம்ஜிபி. 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால் உதிரி பாகம் எதற்கும் பஞ்சமில்லை. எஞ்சின் 1798 சிசி பி சீரிஸ். நம் ஊர் அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசிடர் பானெட்டுக்குள் தலைவிட்டுப் பழகியவர்களுக்கு இது கூச்சமே தராது.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் போடாதீர்கள். கழற்றுவது ஒரு வார இறுதி வேலை. மாட்டுவதற்குள் ஆர்வம் வற்றிவிடும். முதலில் பத்திரமாக ஓடுகிற நிலைக்குக் கொண்டு வாருங்கள். ஓட்டிப் பார்த்தால் எது கெட்டிருக்கிறது என்று வண்டியே காட்டிக்கொடுக்கும்.

படி 1: வாங்கும் முன்னாலேயே சில்லைப் பாருங்கள்

எம்ஜிபிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் சில். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காகப் பற்றவைத்திருப்பார்கள். மேல்கூரை இல்லாத ரோட்ஸ்டரில் வண்டி நடுவில் மடங்காமல் நிற்பதே இதனால்தான்.

முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு, முன் விங்குக்குள் (சக்கரத்தை மூடும் மட்கார்டுக்குள்) ஒரு மூலையில் போய்த் தங்கும். ஈரம் காயாமல் அங்கிருந்துதான் துரு கிளம்பும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே நடுத்தகடு உதிர்ந்திருக்கும். ஆகவே பளபளப்பை நம்பாமல் இப்படிச் சோதியுங்கள்: கதவை மூடி, அதன் பின்விளிம்புக்கும் பின் விங்குக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். அடுத்து, உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பக்கவாட்டில் ஜாக்கி வைக்கும் இடத்தில் வண்டியைக் கொஞ்சம் தூக்குங்கள். இடைவெளி குறுகினாலோ, கதவைத் திறக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ சில் போய்விட்டது என்று அர்த்தம். பெயின்ட் கீறாதபடி துணி சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில் முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கிறார்கள்.

சில் மாற்றுவது புதியவர் கையில் எடுக்கும் வேலை அல்ல. கதவு வாசலில் இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்காமல் பழைய சில்லை வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு எந்தக் காலத்திலும் சரியாகப் பொருந்தாது. நல்ல வெல்டரிடம் விடுங்கள். மொத்தப் பாடியுமே போயிருந்தால்கூட வழி உண்டு: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் புதுப் பாடிகளையே செய்து தருகிறது. ஆனால் விலை அதிகம். துரு இல்லாத பாடியும் கெட்டுப்போன எஞ்சினும் உள்ள வண்டியைத்தான் நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

படி 2: பிரேக்

எஞ்சினைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பல வருடம் நின்ற வண்டியில் ரப்பர் ஹோஸ்கள் உள்ளுக்குள் வீங்கியிருக்கும். பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் சீல் எல்லாவற்றையும் கேள்வி கேட்காமல் மாற்றிப் புது பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஆக்சில் ஸ்டாண்டு (வண்டியைத் தாங்கும் இரும்பு முட்டு) வைத்தே ஆக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

படி 3: மின்சாரம்

பேட்டரியை இணைக்கும் முன் வண்டி எந்த வருடத்தது என்று பாருங்கள். 1967 வரை வந்தவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். அதன் பிறகு நெகட்டிவ். மாற்றிக் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் அந்த நொடியே போய்விடும். 1974 வரையிலான வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும்.

ஒயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பழுப்பு நேரே பேட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர்பெறுவது, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாகப் போவது, கறுப்பு எர்த். இந்த நான்கும் மனதில் நின்றால் பாதிப் பிரச்சினைகளைக் கண்டுபிடித்துவிடலாம். மீதிப் பாதிக்குப் பெரும்பாலும் எர்த் இணைப்பில் பிடித்த துருவே காரணம். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி முடுக்குங்கள்.

படி 4: எஞ்சினை எழுப்புவது

சாவியைத் திருப்பிப் பார்க்க ஆசையாக இருக்கும். பொறுங்கள். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் நாலாவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் சுற்ற வேண்டும். பழைய எண்ணெயை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ரக எஞ்சின் ஆயில் ஊற்றி ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை காத்திருங்கள். அதன் பிறகுதான் பிளக்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, எத்தனால் குறைந்த சூப்பர் ரக இ5 பெட்ரோலையே ஊற்றுங்கள். சாவியைத் திருப்பியதும் பின்பக்கமிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் டக் டக் என்று அடிக்கும். கார்புரேட்டர் நிறைந்ததும் அடி நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது அல்லது காற்றை இழுக்கிறது. சத்தமே வரவில்லை என்றால் பம்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பாயின்ட் (மின் இணைப்பைத் திறந்து மூடும் முனை) ஒட்டியிருக்கும்.

படி 5: டாப்பெட்டும் பாயின்ட்டும்

டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் இடைவெளி, 0.38 மி.மீ., எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. எந்த வால்வை எப்போது தொடுவது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: கூட்டினால் 9. முன்னாலிருந்து எண்ணி 8-ஆவது வால்வு முழுக்கத் திறந்திருந்தால் 1-ஐச் சரிசெய்யுங்கள்; 6 திறந்திருந்தால் 3; இப்படியே எட்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, பிளக் இடைவெளி 0.63 மி.மீ. இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) வருடத்துக்கு வருடம் மாறும், மேனுவலைப் பார்த்து வையுங்கள்.

படி 6: இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். முந்தைய படி முடியாமல் இதைத் தொடாதீர்கள்; கார்புரேட்டர் மேல் விழும் பழியில் பெரும்பங்கு இக்னிஷனைச் சேர வேண்டியது. எஸ்யூ அழகான கருவி. ஒரே ஜெட் (பெட்ரோல் வரும் துளை), அதற்குள் மேலும் கீழும் போய்வரும் கூர் ஊசி. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்குக் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் எழும், ஊசியும் கூடவே எழுந்து பெட்ரோலுக்கு வழி விடும்.

1972-க்கு முந்தைய வண்டிகளில் இருக்கும் எச்எஸ்4 வகைக்கான முறை இது. மேலே உள்ள டேம்பரை (பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் தண்டை) கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். மெல்லிய ‘டிக்’ ஓசையோடு விழ வேண்டும். தயங்கி இறங்கினால் அழுக்கு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள், உப்புத்தாள் கூடவே கூடாது. இரண்டு கார்புரேட்டர்களின் மூடிகளும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் அதனதன் பிஸ்டனுக்குப் பொருத்தியது.

ஜெட்டுக்கு அடியில் அறுகோண நட்டு இருக்கும். ஜெட் மேல்மட்டத்தோடு சமமாகும்வரை நட்டை மேலே ஏற்றுங்கள், பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகங்கள், கீழே இறக்குங்கள். டேம்பரில் எண்ணெய் ஊற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். இரண்டையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்திவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வையுங்கள். இரண்டிலும் ‘உஸ்’ சத்தம் ஒரே அளவில் கேட்கும்வரை ஐடில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளைத் திருப்புங்கள்.

அடுத்து கலவை. கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள சின்ன ‘பின்’னை மேலே அழுத்தி, பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே திருப்புங்கள். எஞ்சின் துவண்டு நிற்கப் பார்த்தால் குறைவு, கீழே திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஒரு முகம்தான். பிறகு மறுபடி சத்தத்தைச் சமன்செய்து கிளாம்பை முடுக்குங்கள்.

படி 7: ரோட்டுக்கு

முன் சக்கரங்களைத் தரையில் படாதபடி தூக்கி வைத்துக் கிங் பின் (முன் சக்கரம் திரும்பும்போது சுழலும் தண்டு) நிப்பிள்களில் கிரீஸ் அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் கிரீஸ் உள்ளே போகாது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். நாம் கவனிக்காத ஒன்று இன்னொருவர் கண்ணில் படும். இன்சூரன்ஸ் மட்டும் கட்டாயம்.

முதல் நாள் வீட்டைச் சுற்றி ஒரு 30 கிலோமீட்டர் போதும். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் அந்தச் சிலிண்டருக்கான கார்புரேட்டரில் நட்டை ஒரு முகம் மேலே, வெளுத்திருந்தால் ஒரு முகம் கீழே. முன்பக்க இரண்டு சிலிண்டர்கள் முன் கார்புரேட்டருக்கு, பின் இரண்டு பின்னதற்கு.