மைதாவும் வேண்டாம், மாற்று மாவும் வேண்டாம்: பாதாமில் குளூட்டன் இல்லாத சாக்லேட் கேக்

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத ஒருவருக்குக் கேக் செய்ய வேண்டும் என்றதும் பலரும் முதலில் தேடுவது மைதாவுக்கு மாற்றாக ஒரு மாவு. அதற்கென்றே விற்கும் கலவை மாவு விலை அதிகம். ஒரு கேக் செய்த பிறகு மீதிப் பொட்டலம் அலமாரியில் கிடந்து வண்டு பிடிக்கும். சாக்லேட் கேக்குக்கு அது தேவையே இல்லை.

மைதா கேக் செய்பவர்களிடம் “மாவைப் போட்ட பிறகு அதிகம் கலக்காதே” என்று ஏன் சொல்கிறார்கள்? கலக்கக் கலக்கக் குளூட்டன் வலைபோல் இறுகி, கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும் என்றுதான். ரொட்டிக்கு அந்த வலை வேண்டும். கேக்குக்கு அது அவ்வளவாக வேண்டாத பொருள். வேண்டாததை எடுத்துவிட்டு அதற்கு மாற்றைத் தேடுவானேன்? இங்கே கேக்கைத் தூக்கி நிறுத்துவது முட்டை, சதைப்பற்று தருவது பாதாம். இத்தாலியின் காப்ரி தீவில் ‘தோர்த்தா காப்ரேசே’ என்று செய்வதும் இந்த வகைதான்: பாதாம், சாக்லேட், வெண்ணெய், முட்டை, சீனி.

அரிசி மாவு போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் இடியாப்பத்துக்கு விற்கும் மாவு கேக்கில் மணல்மணலாக நாக்கில் தட்டும், மறுநாள் வறண்டும் போகும். பாதாமில் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

என்னென்ன வேண்டும்

20 செ.மீ. வட்ட டின் ஒன்று, அடிப்பகுதி தனியாகக் கழலும் வகை. பத்துத் துண்டு வரும்.

- டார்க் சாக்லேட், கொக்கோ 60 முதல் 70 விழுக்காடு: 200 கிராம்
- உப்பில்லாத வெண்ணெய்: 150 கிராம்
- தோலுடன் முழுப் பாதாம், உப்போ மசாலாவோ சேராதது: 150 கிராம்
- சீனி: 150 கிராம் (30, 60, 60 என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள்)
- முட்டை: 5, ஓட்டோடு ஒவ்வொன்றும் 60 கிராம் அளவில்
- திக்கான காபி டிகாக்‌ஷன்: 1 மேசைக்கரண்டி
- எலுமிச்சைச் சாறு: அரைத் தேக்கரண்டி
- உப்பு: கால் தேக்கரண்டி
- டின்னில் தூவக் கொக்கோ பவுடர்: 1 மேசைக்கரண்டி

பேக்கிங் பவுடர் இல்லை, விட்டுப்போனதல்ல. முட்டை வெள்ளையில் அடைக்கும் காற்றே கேக்கை எழுப்பிவிடும். கப் கணக்கை நம்பாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பாதாமை எவ்வளவு நைசாக அரைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு கப்பின் எடை மாறிக்கொண்டே இருக்கும்.

சாக்லேட்டில் ஒரு எச்சரிக்கை. ‘காம்பவுண்ட்’ என்று விற்பதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். உருக்குவது எளிது, விலையும் குறைவு, ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டும். பொருள்பட்டியலில் கொக்கோ வெண்ணெய் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது

சீலியாக் நோய் (குளூட்டன் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவருக்குச் செய்வதாக இருந்தால் செய்முறையைவிட இந்தப் பகுதிதான் முக்கியம். குளூட்டன் இருப்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில். மைதா, ரவை, ஆட்டா எல்லாமே கோதுமைதான். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வரும். அனைத்துலக உணவுத் தரப்படி, குளூட்டன் இல்லாதது என்று சொல்லும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. மேசையில் சிந்திய சப்பாத்தி மாவே அந்த அளவைத் தாண்டிவிடும்.

சிங்கப்பூரில் பொட்டல உணவில் கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஆகவே சாக்லேட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பார்லி மால்ட், பிஸ்கட் துண்டு, வேஃபர் சேர்ந்த சாக்லேட் ஆகாது. “கோதுமையின் சுவடு இருக்கலாம்” என்ற சின்ன எழுத்து வரியையும் விடாதீர்கள். கொக்கோ பவுடர் தீர்ந்துவிட்டது என்று மைலோவை எடுத்துவிட வேண்டாம். அதில் பார்லி மால்ட் இருக்கிறது. ஹார்லிக்ஸும் அப்படியே.

பாதாம் தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) மலிவாகக் கிடைக்கும். ஆனால் திறந்த டப்பாவிலிருந்து அள்ளிப் போடும் கடையில் ஒரே கரண்டி எல்லா டப்பாவுக்கும் போய்வரும். சீலியாக் உள்ளவருக்கென்றால் மூடி ஒட்டிய பொட்டலம் வாங்குங்கள்.

இனி உங்கள் சமையலறை. கோதுமை மாவு சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கம்பி மடிப்பில் மாவு ஒட்டியிருக்கும். இந்தக் கேக்குக்குப் புதிதாக ஒன்று வாங்குவதே நல்லது, சில வெள்ளிதான். மரக்கரண்டி வேண்டாம், சிலிக்கான் கரண்டி போதும். மிக்ஸி மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், கோதுமை ரவை அடைந்துகொள்ளும் இடம் அதுதான். அஞ்சறைப் பெட்டிக் கரண்டியால் உப்பு எடுக்காதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.

முதல் வேலை: பாதாம் அரைப்பது

தோல் உரிக்க வேண்டாம். சாக்லேட் நிறத்தில் தோல் தெரியாது. ஊறவைத்து உரித்தால் பாதாம் ஈரமாகும், நம் ஊர்க் காற்றில் அது லேசில் காயவும் காயாது. ஈரப் பாதாம் அரைத்தால் பொடி வராது, சட்னி வரும்.

மணம் வேண்டுமென்றால் ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் 8 நிமிடம் வறுத்து, முழுதாக ஆறவிடுங்கள். பிறகு அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும்.

மிக்ஸியின் சின்ன ஜாரில் பாதி பாதாமும் 15 கிராம் சீனியும் போடுங்கள். வெளிவரும் எண்ணெயைச் சீனி இழுத்துக்கொள்ளும். ஓடவிடாமல், இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி இரண்டு விநாடி என்று பத்துப் பன்னிரண்டு முறை. பொடி ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளத் தொடங்கினால் அதுவே எல்லை, நிறுத்திவிடுங்கள். மீதியையும் அப்படியே அரைத்துச் சலியுங்கள். சல்லடையில் தங்கியதை இன்னொரு சுற்று அரைத்தால் போதும். சன்ன ரவைப் பதம் சரியானது. அதற்கு மேலும் நைசாக்க ஆசைப்படுவதில்தான் பலர் பாதாம் வெண்ணெயில் போய் முடிகிறார்கள்.

டின்னும் ஓவனும்

டின் அடியில் பேக்கிங் பேப்பர் வெட்டிப் போட்டு, பக்கங்களில் வெண்ணெய் தடவி, மாவுக்குப் பதிலாகக் கொக்கோ தூவித் தட்டிவிடுங்கள். ஓவனை 170 டிகிரியில் 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். விசிறி ஓடும் வகை என்றால் 150 டிகிரி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் மேசை ஓவனில் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருக்கும், மேல்புறம் கருகி உள்ளே வேகாமல் நிற்கும். கீழ்த்தட்டில் வையுங்கள். 25ஆம் நிமிடத்தில் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போடுங்கள். ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி உள்ளே தொங்கவிட்டால், குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றல்ல என்பது தெரிந்துபோகும்.

கலவை

1. சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக்கி வெண்ணெயோடு ஒரு கிண்ணத்தில் போட்டு, மெல்லக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. மைக்ரோவேவ் என்றால் 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள். சாக்லேட்டில் சில துளித் தண்ணீர் விழுந்தால் திடீரென்று கட்டிப்பட்டுச் சேறுபோல் ஆகும். வீசிவிடாதீர்கள். வெந்நீரை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டு வேகமாகக் கலக்கினால் மறுபடி இளகிவரும்.

2. அடுப்பிலிருந்து இறக்கிக் காபி, உப்பு, 60 கிராம் சீனி சேர்த்துக் கலக்குங்கள். விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை ஆறட்டும். காபி மணம் கேக்கில் தெரியாது, சாக்லேட் மணத்தைத்தான் தூக்கிக் கொடுக்கும்.

3. முட்டையைக் குளிர்ச்சியாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள், கரு உடையாது. ஒவ்வொன்றையும் முதலில் ஒரு சின்னக் கோப்பைக்கு மேல் உடைத்து, வெள்ளை சுத்தமாக வந்த பிறகே பெரிய கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். ஐந்தாவது முட்டையில் கரு உடைந்து மற்ற நான்கின் வெள்ளையும் வீணாவது அப்படித்தான் தவிரும். வெள்ளைக்கரு 20 நிமிடம் வெளியில் இருக்கட்டும்.

4. மஞ்சள் கருக்களை ஒவ்வொன்றாகச் சாக்லேட்டில் போட்டுக் கலக்குங்கள். பிறகு பாதாம் பொடி. இப்போது கலவை அல்வாப் பதத்தில் கனமாக நிற்கும். பயப்பட வேண்டாம், தண்ணீரோ பாலோ விடவும் வேண்டாம்.

வெள்ளைக்கரு: இங்கே அவசரம் ஆகாது

கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணம். பிளாஸ்டிக் வேண்டாம், தாளிப்பும் பொரிப்புமாக இருக்கும் சமையலறையில் அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு எப்போதும் இருக்கும், பிசுக்கு இருந்தால் வெள்ளை நுரைக்காது. கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் எலுமிச்சைத் தோலால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெள்ளையில் எலுமிச்சைச் சாறு விட்டு நடுத்தர வேகத்தில் அடியுங்கள். சோப்பு நுரைபோல் வந்ததும் மீதி 60 கிராம் சீனியை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். நுரை வழவழப்பாகிப் பளபளக்கும். பீட்டரை நிறுத்தித் தலைகீழாகத் தூக்குங்கள்: நுனி எழுந்து நின்று கிளி மூக்குபோல் வளைய வேண்டும். அதுதான் பதம். ஈட்டிபோல் விறைத்து நின்றால் கொஞ்சம் தாண்டிவிட்டீர்கள். பஞ்சுப் பொதிபோல் உதிர்ந்து, அடியில் தண்ணீர் கசிந்தால் நிறையவே தாண்டியாயிற்று. அது சாக்லேட்டோடு சேராமல் வெள்ளைத் திட்டுகளாகவே நிற்கும். புதிதாக ஒரு வெள்ளைக்கருவைச் சேர்த்து மெல்ல அடித்தால் ஓரளவு மீளும்.

நுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சாக்லேட்டில் போட்டுத் தயங்காமல் கலக்குங்கள். கனத்தை இளக்குவதற்காகக் கொடுக்கும் பலி இது, காற்று போனால் போகட்டும். மீதியை இரண்டு தடவையாகச் சேர்த்து, கரண்டியை நடுவில் இறக்கி, அடியோடு வழித்து, மேலே மடித்துப் போடுங்கள். கிண்ணத்தைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி. வெள்ளைக் கோடு ஒன்றிரண்டு தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். உடனே டின்னில் ஊற்றி ஓவனுக்குள் வையுங்கள். நிற்க நிற்க நுரை அமுங்கும்.

வேகும் நேரம்

40 முதல் 45 நிமிடம். முதல் 30 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், அலுமினியத் தாள் போடும் அந்த ஒரு கணம் தவிர. 38ஆம் நிமிடத்தில் நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள். மைதா கேக்கில் குச்சி சுத்தமாக வர வேண்டும். இதில் அப்படி வந்தால் வேக்காடு மிஞ்சி வறண்டுவிட்டது என்று அர்த்தம். ஈரப் பிசிறுகள் ஒட்டி வர வேண்டும், ஓடும் கலவையாக வரக் கூடாது.

ஓவனை அணைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து 10 நிமிடம் உள்ளேயே விடுங்கள். வெளியே எடுத்ததும் கேக் அமுங்கும், மேலே வெடிக்கும். முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் மனம் உடைந்துபோகிறார்கள். உள்ளே விரிந்த காற்று ஆறும்போது சுருங்குகிறது, பிடித்து நிறுத்த மாவு இல்லை, அவ்வளவுதான். சமமாக ஒரு விரல் அளவு அமுங்குவது இந்தக் கேக்கின் இயல்பு. நடுவில் மட்டும் கிணறுபோல் குழிந்து உள்ளே கொழகொழவென்று இருந்தால் வேகவில்லை. ஓரமெல்லாம் அடையாகத் தட்டையாக வந்தால் மடிக்கும்போது நுரை செத்துவிட்டது. முழுதாக ஆறிய பிறகே டின்னிலிருந்து கழற்றுங்கள், சூட்டில் உடையும்.

சில மாற்றங்கள்

ஏர் ஃபிரையர் மட்டும் இருந்தால் 15 செ.மீ. டின், மூன்று முட்டை, மற்ற எல்லாம் ஐந்தில் மூன்று பங்கு. 150 டிகிரியில் சுமார் 30 நிமிடம், தொடக்கத்திலிருந்தே அலுமினியத் தாளை டின்னோடு இறுக்கி மூடி. இல்லாவிட்டால் விசிறிக் காற்று மேல்புறத்தைக் காயவைத்துவிடும்.

குலா மெலாக்கா என்னும் தென்னை வெல்லம் பிடிக்குமென்றால் சாக்லேட்டில் சேர்க்கும் 60 கிராம் சீனிக்குப் பதிலாக அதைத் துருவிப் போடலாம், அருமையாக இருக்கும். வெள்ளைக்கருவில் மட்டும் போடாதீர்கள், அதன் ஈரம் நுரையைக் கெடுக்கும்.

பாதாம் ஒவ்வாமை உள்ளவர் வந்தால் பாதாமை விட்டுவிட்டு 50 கிராம் கொக்கோ பவுடர் சலித்துச் சேருங்கள். சீனியில் பாதாமுக்கென்று வைத்த 30 கிராமையும் சாக்லேட்டிலேயே போட்டுவிடலாம். உயரம் குறையும், அல்வா மாதிரி அடர்த்தியாக வரும். 28ஆம் நிமிடத்திலிருந்தே குச்சியால் பார்க்கத் தொடங்குங்கள்.

இந்த வெயிலில் இரவு முழுக்க மேசையில் வைக்க வேண்டாம். மூடிய டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் நன்றாக இருக்கும். மறுநாள்தான் சுவை கூடும். பரிமாற அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள், வெண்ணெயும் சாக்லேட்டும் இளக வேண்டுமே.

வெட்டும்போது கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு வெட்டுங்கள். பிறந்தநாளில் இன்னொரு கேக்கும் மேசையில் இருந்தால் இதை முதலில் வெட்டி, உரியவரின் தட்டில் வைத்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். அந்தக் கேக்கில் இறங்கிய கத்தி ஒருமுறை இதில் பட்டாலும் இவ்வளவு பாடும் வீண்.