வெர்மென்டினோ தி கல்லூரா: சுவைப்பது எப்படி, எதோடு சாப்பிடுவது

இத்தாலியின் சார்டினியா தீவில், வடகிழக்கு மூலைக்குக் கல்லூரா என்று பெயர். கிரானைட் பாறை, கார்க் ஓக் மரங்கள், வடமேற்கிலிருந்து ஓங்கி வீசும் மிஸ்திரால் காற்று, இவைதான் அந்த மண். அங்கே வெர்மென்டினோ என்ற திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின், புதிதாகப் பழகுபவர்களுக்கு நல்ல தொடக்கம். இதற்கு ஒரு தெளிவான அடையாளம் இருக்கிறது: விழுங்கிய பிறகு நாக்கில் நிற்கும் உப்பும் லேசான கசப்பும். அதைப் பிடித்துவிட்டால் எந்த உணவோடு சேரும் என்பதும் தானாகப் புரியும்.

1. சரியான பாட்டிலை எடுங்கள்

கடையில் இரண்டு பெயர்கள் கண்ணில் படும். ‘வெர்மென்டினோ தி சார்டென்யா’ என்றால் திராட்சை தீவின் எந்தப் பகுதியிலும் விளைந்திருக்கலாம். பெரும்பாலும் இலகுவானது, விலையும் குறைவு. ‘வெர்மென்டினோ தி கல்லூரா’ அந்த ஒரு பகுதியில் மட்டும் விளைவது. இத்தாலிய ஒயின் தரவரிசையின் உச்சியான டிஓசிஜி தகுதி இதற்கு 1996இல் கிடைத்தது. சார்டினியாவில் அந்தத் தகுதி பெற்ற ஒயின் இது ஒன்றுதான். குறைந்தது 95 சதவீதம் வெர்மென்டினோ இருக்க வேண்டும். ‘சுப்பீரியோரே’ என்று கூடுதலாகப் போட்டிருந்தால் ஆல்கஹால் 13 சதவீதமாவது இருக்கும், வாயில் கொஞ்சம் கனமாகவும் தெரியும்.

முதல் முறைக்குச் சாதாரண கல்லூராவே போதும். அறுவடை ஆண்டு ஒன்றிரண்டு வருடங்களுக்குள் இருக்கட்டும். ஓக் பீப்பாயில் வைத்ததை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மரவாசனை வந்தால் நாம் தேடுவது மறைந்துவிடும்.

2. குளிர வையுங்கள், ஆனால் உறைய வைக்காதீர்கள்

10 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் சரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் வாசனை எதுவும் எழாது. கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.

3. மூக்கு, நாக்கு, பிறகு காத்திருங்கள்

நிறம் வெளிர் மஞ்சள், சில சமயம் பச்சைச் சாயல். கோப்பையை மெதுவாகச் சுழற்றி முகருங்கள். எலுமிச்சைத் தோல், பேரிக்காய், வெள்ளைப் பூக்கள், அப்புறம் ரோஸ்மேரி போன்ற காட்டுச் செடிகளின் வாசனை வரலாம். எல்லாம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

ஒரு வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். முதலில் புளிப்பு தெரியும். விழுங்கியதும் பத்து வரை எண்ணுங்கள். தோலோடு மென்ற பாதாம்பருப்பு போல ஒரு கசப்பு மெல்ல வரும், கூடவே உப்பின் சாயல். கசக்கிறதே, ஒயின் கெட்டுவிட்டதோ என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை, இந்தத் திராட்சையின் குணமே அதுதான்.

கிரானைட்டை நாக்கில் உணரலாம் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பாறையின் ருசி வேர்வழியே பழத்துக்கு ஏறுவதில்லை. கிரானைட் உதிர்ந்து உண்டான மணல்மண் நீரைத் தேக்காது, சத்தும் குறைவு; கொடி குறைவாகக் காய்க்கிறது. மண்ணின் பங்கு அந்த வழியில்தான்.

4. உப்புச் சோதனை, தேன் சோதனை

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். ஒரு தட்டில் உப்பான சீஸ் துண்டு ஒன்றும், ஒரு கரண்டித் தேனும் வையுங்கள். சீஸைக் கடித்து ஒரு வாய் குடியுங்கள்: கசப்பு அடங்கும், பழச்சுவை முன்னால் வரும். தண்ணீர் குடித்துவிட்டு, தேனை நக்கி மறுபடி குடியுங்கள். அதே ஒயின் புளித்துச் சப்பென்று ஆகும், கசப்பு துருத்திக்கொண்டு நிற்கும். உப்பு நண்பன், இனிப்பு எதிரி என்பது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

5. இப்போது சாப்பாடு

சார்டினியாக்காரர்கள் இதோடு சாப்பிடுவதைப் பார்த்தால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். மடவை மீன் சினையை உப்பிட்டு உலர்த்தியது பொத்தார்கா. அதைச் சூடான ஸ்பகெட்டிமேல் ஆலிவ் எண்ணெயோடு துருவிப் போடுவார்கள். என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான். சினையின் உப்பும் எண்ணெய்ப்பசையும் ஒயினின் கசப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அடுத்தது ஃப்ரேகோலா: ரவையைச் சிறு உருண்டைகளாக்கி வறுத்தது. மட்டியோடு வேகவைத்தால் கடல்நீர்ச் சாறு முழுவதும் அதில் இறங்கியிருக்கும். செம்மறிப் பாலில் செய்யும் இளம் பெக்கொரினோ சீஸும், அப்பளம் போல நொறுங்கும் பானே கரசாவ் ரொட்டியும் மாலை நேரத்துக்குப் போதும். கல்லூராவுக்கே உரிய ‘சூப்பா கல்லூரேசே’, பெயரில் மட்டும்தான் சூப். பழைய ரொட்டியையும் சீஸையும் அடுக்கி, இறைச்சிச் சாறு ஊற்றி அடுப்பில் சுடுவது. அந்தக் கனத்துக்குச் சுப்பீரியோரே வேண்டும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சீஸ் வைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் செயாதாஸ் அதே தீவின் பலகாரம்தான், ஆனாலும் இதோடு ஒத்துப்போகாது. காரம் தூக்கலான உணவும் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். முழுதாகச் சுட்ட பன்றிக்குட்டி மேசைக்கு வந்தால், அந்த ஊர்ச் சிவப்பு ஒயினான கன்னோனாவுக்கு மாறிவிடுங்கள். மீதமுள்ள வெர்மென்டினோவை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.