பொம்மை டிராக்டரைக் கீறாமல் தூசு தட்டுவது எப்படி?

நான் முதன்முதலில் ஒரு பொம்மை டிராக்டரைச் சுத்தம் செய்தது ஈரத் துணியால். பச்சை பானெட், மஞ்சள் ரிம், பக்கவாட்டில் நீளமான ஸ்டிக்கர். சாப்பாட்டு மேஜையைத் துடைப்பதுபோல அழுத்தித் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பானெட் முழுக்க முடிபோல மெல்லிய கீறல்கள். ஸ்டிக்கரின் ஒரு மூலை சுருண்டு எழுந்து நின்றது. இரண்டு வருடம் தூசு படிந்து கிடந்தபோது அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கை வைத்த 5 நிமிடத்தில் ஆனது.

காரணம் எளிது. அறைத் தூசில் துணி நாரும் தோல் செதிலும் மட்டும் இல்லை. செருப்போடு வரும் மண்ணும் உண்டு. மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் பெயின்ட்டைவிடக் கடினமானது. அதன் மேல் துணியை வைத்து அழுத்தினால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். தூசைத் தேய்க்காமல் தூக்கி வெளியேற்ற வேண்டும். கீழே உள்ள எல்லாம் அதற்கான வழிகளே.

வண்டி எதனால் ஆனது?

பிரஷைத் தேடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சின்னக் காந்தத்தை வண்டியின் அடிப்பக்கம் கொண்டு போங்கள், தொட வேண்டாம், பக்கத்தில் போதும். இழுத்தால் வார்ப்பிரும்பு அல்லது தகரம். இழுக்காமல் கனமாக இருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்த டைகாஸ்ட். இழுக்காமல், அளவுக்குச் சற்று லேசாக இருந்தால் அலுமினியமாக இருக்கலாம். ஆக்சில் மட்டும் எஃகாக இருக்கும், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

எர்ட்டல் என்ற பெயர் இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி காதில் விழும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டபியூக் நகரில், ஃப்ரெட் எர்ட்டல் 1945இல் தொடங்கிய கம்பெனி. போர்க்கால மிச்சமான அலுமினியப் பிஸ்டன்களை வீட்டு அடுப்பிலேயே உருக்கி, மணல் அச்சில் ஊற்றி முதல் டிராக்டர்களைச் செய்தார். பிறகு தொழிற்சாலை அதே மாநிலத்தின் டையர்ஸ்வில் ஊருக்குப் போனது. பண்ணைப் பொம்மைகளுக்கென்றே ஒரு மியூசியம் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. அவருக்கு முன்பே இல்லினாய் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் ஆர்கேட் கம்பெனி வார்ப்பிரும்பில் செய்துகொண்டிருந்தது. பிரிட்டனில் பிரிட்டன்ஸ், டிங்கி, கார்கி, ஜெர்மனியில் சிகு. வண்டியின் அடியில் எழுதியிருக்கும் பெயரையும் அளவையும் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 1/16 என்றால் நிஜ டிராக்டரின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு. கையில் எடுத்துச் சுத்தம் செய்ய இதுதான் வசதியான அளவு. 1/64 வண்டிக்கு விரலே பெரிது.

அடுத்து, எழுத்துகளைப் பாருங்கள். நகத்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள். விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் போதும். ஓரம் தெரிந்தால் ஸ்டிக்கர் அல்லது நீரில் நனைத்து ஒட்டும் டெகால். ஓரமே தெரியாமல் பெயின்ட்டோடு பெயின்ட்டாக இருந்தால் அச்சு. ஸ்டிக்கரும் டெகாலும் இருக்கும் பக்கம் தண்ணீர் போகவே கூடாது.

எப்போது தொடவே கூடாது

ஜிங்க் பெஸ்ட் என்று ஒன்று உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயமோ வெள்ளீயமோ கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு உப்பும். வெளியே பார்த்தால் பெயின்ட் கொப்பளிக்கும், வலைபோல வெடிப்பு ஓடும், மட்கார்டு லேசாக வளைந்திருக்கும். போருக்கு முந்தைய டிங்கி பொம்மைகளில் இது அதிகம். இதற்கு மருந்து கிடையாது. ஈரமும் வெப்பமும் வேகத்தைக் கூட்டும். இப்படி ஒன்று கிடைத்தால் ஊதித் தூசை மட்டும் நீக்கி, உலர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். சிலர் இது மற்ற வண்டிகளுக்கும் தொற்றும் என்பார்கள். தொற்றாது, அந்தந்த வண்டியின் உலோகக் கோளாறு அது.

பழைய வண்டிகளில் இன்னொரு விஷயம்: பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மைப் பெயின்ட்டிலும் அதற்குத் தடை வந்ததே 1978இல். உரியும் பெயின்ட் என்றால் கையுறை, முகக்கவசம் இரண்டும் வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முடித்ததும் மேஜையை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

தேவையான சாமான்

கேமரா லென்ஸுக்கு வைத்திருக்கும் ரப்பர் பிளோயர் ஒன்று. அணில் முடியில் செய்த வாட்டர்கலர் பிரஷ் இரண்டு, ஒன்று அகலம், ஒன்று கூர்மை; புதிய மேக்கப் பிரஷும் நன்றாக வேலை செய்யும். பஞ்சுக் குச்சி, பல்குத்தும் குச்சி, மைக்ரோஃபைபர் துணி, டிஸ்டில்டு வாட்டர், மிதமான டிஷ்வாஷ் திரவம். மேஜையில் விரிக்க ஒரு பழைய துண்டு. கை நழுவினால் அதுதான் காப்பாற்றும்.

பிரஷில் ஒரு சின்ன வேலை பாக்கி. முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தின் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே பிரஷை நுழைக்கும்போது கீறுவது முடி இல்லை, அந்த வளையம்தான்.

தூசு தட்டும் முறை

1. கையைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மோதிரம், வாட்ச், வளையல் கழற்றிவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பறக்கிற தூசு திரும்பவும் அலமாரியிலேயே உட்காரும்.

2. வண்டியைத் தூக்கும்போது சைலன்சரையோ ஸ்டியரிங்கையோ பிடிக்காதீர்கள். இரண்டும் ஒடியக் காத்திருக்கும் பாகங்கள். ஒரு கை பின் ஆக்சிலுக்கு அடியில், மறு கை முன்பக்கம்.

3. பிளோயரால் ஊதுங்கள். மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக. வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி விழுந்தால் தூசு சேறாகிவிடும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் வேண்டாம். சாய்த்துப் பிடித்தால் உறைகுளிராகத் திரவம் பீய்ச்சும், எழுந்து நிற்கும் ஸ்டிக்கரும் பிய்ந்து பறக்கும்.

4. இப்போது பிரஷ். அழுத்தமே கூடாது, முடியின் நுனி மட்டும் தொட வேண்டும். பானெட்டின் மேலே தொடங்கி, மட்கார்டு, சீட், கடைசியில் அடிப்பக்கம். ஒவ்வொரு நான்கைந்து வீச்சுக்கும் பிரஷைத் துண்டில் தட்டிவிடுங்கள். கிரில் இடுக்கிலும் கலப்பை மாட்டும் கொக்கியிலும் கூர்மையான பிரஷ். ஸ்டிக்கர் இருந்தால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். எதிர்த் திசையில் தள்ளினால் முடி ஓரத்துக்கு அடியில் நுழையும்.

5. எல்லாத் தூசும் போனது உறுதியானால் மட்டும் மைக்ரோஃபைபர் துணியைக் காய்ந்தபடியே ஒருமுறை மேலோட்டமாகக் கொண்டு போகலாம். செய்யாமல் விட்டாலும் குறையில்லை.

பத்தில் ஒன்பது வண்டிக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். உங்கள் கை இன்னும் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

பிசுக்கு ஏறிய வண்டிக்கு

சமையலறைக்குப் பக்கத்து அலமாரியில் நின்ற வண்டி என்றால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசு ஒட்டிக்கொண்டிருக்கும், பிரஷுக்கு மசியாது. மேலே சொன்னபடி காய்ந்த தூசை முழுக்க நீக்கிய பிறகுதான் இதைத் தொட வேண்டும்.

அரை டம்ளர் டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டு டிஷ்வாஷ் திரவம். பஞ்சுக் குச்சியை நனைத்து, துணியில் ஒற்றி எடுங்கள், சொட்டவே கூடாது. முதலில் வண்டியின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் வண்டியின் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள், பெயின்ட் கரைகிறது. அழுக்கு மட்டும் வந்தால் தொடரலாம். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம், புதுக் குச்சி, வெறும் தண்ணீரில் நனைத்த இன்னொரு குச்சி, உடனே துடைப்பு. அப்புறம் அடுத்த நாணய அளவு. குச்சியை உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். திருகுகளும் ஆக்சிலும் இருக்கும் பக்கம் ஈரம் தங்கினால் துரு பிடிக்கும், அங்கே முடிந்தவரை காய்ந்த வேலைதான். தண்ணீரில் முக்குவதும் குழாயடியில் காட்டுவதும் பேச்சுக்கே இல்லை. அச்சிட்ட தகர பொம்மைகளுக்கு இந்த ஈர வேலை முழுவதுமே வேண்டாம். உலர ஹேர் டிரையர் போடாமல் நிழலில் ஒரு நாள் விடுங்கள்.

நெயில் பாலிஷ் ரிமூவர் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும். பற்பசை, உலோகப் பாலிஷ் இரண்டிலும் உராயும் தூள் இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே வெள்ளிபோல மினுங்கும் ஹெட்லைட், சைலன்சர் பூச்சை உரித்துவிடும். பிளாஸ்டிக்கின் மேல் அந்தப் பூச்சு மிக மெல்லியது. பழைய வார்ப்பிரும்பு வண்டியின் மங்கலையும் சின்னச் சின்னப் பெயின்ட் உரிசலையும் புதுப் பெயின்ட் அடித்துச் சரிசெய்ய ஆசைப்படாதீர்கள். வாங்குபவர் காசு கொடுப்பதே அந்தப் பழமைக்குத்தான்.

டயர்

டயர் பளபளப்புத் திரவம் போடாதீர்கள், நிஜ வண்டிக்கு எதைப் போட்டாலும் சரி. பொம்மை டயர் பெரும்பாலும் ரப்பரோ மென்மையான பி.வி.சி.யோதான். அந்தத் திரவத்தின் எண்ணெய் உள்ளே இறங்கினால் ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும், மேலே புதுத் தூசையும் பிடித்துவைக்கும். பட்டன்களுக்கு இடையில் அடைந்த மண்ணைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, மேலே சொன்ன சோப்புத் தண்ணீர்க் குச்சியால் ஒருமுறை போங்கள், போதும்.

பி.வி.சி. டயர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அதிலிருந்து கசியும் மென்மையூட்டி, பிளாஸ்டிக் தட்டையும் பெயின்ட் அடித்த பலகையையும் உருக்கி ஒட்டிக்கொள்ளும். டயருக்கு அடியில் கண்ணாடித் துண்டு வையுங்கள்.

திரும்ப அலமாரியில் வைக்கும் முன்

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, நேர் வெயில் படாத சுவர். சிவப்பு டிராக்டர்கள்தான் வெயிலில் முதலில் வெளுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கலாம். பூச்சிக்கு அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். பிரிட்டன்ஸ் செட்டில் வரும் பழைய ஈயப் பொம்மை மனிதர்கள் இருந்தால், புதிதாகச் செய்த மர அலமாரியில் வைக்க வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகும். அட்டைப் பெட்டி இருந்தால் அதையும் காய்ந்த பிரஷால் தட்டி, தட்டையாக மடிக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள்.

கதவு போட்ட அலமாரிக்கு வருடம் இரண்டு முறை பிளோயர் போதும். திறந்த தட்டு என்றால் மாதம் ஒருமுறை ஊதிவிடுங்கள். தூசு கெட்டிப்பட விட்டால்தான் ஈர வேலை வரும். என்னிடம் இருக்கும் அந்தக் கீறல் விழுந்த பச்சை வண்டியின் ஸ்டிக்கர் மூலை இன்னும் எழுந்தேதான் நிற்கிறது. பிரஷை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை.