சலூனில் பிளேடு மாற்றினால் மட்டும் போதாது

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையோ அஸ்தம்பட்டியோ, ஷேவிங்குக்கு ஆள் உட்கார்ந்ததும் புது பிளேடைப் பிரித்து, பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டுகிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பிளேடைக் கவ்வும் இடுக்கைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள்: காய்ந்த நுரை, முடித்துணுக்கு, சில சமயம் பழுப்பாக ஒரு கறை. அது முன்னால் வந்தவரின் ரத்தமாக இருக்கலாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள், சலூனில் அதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டியது இதற்கு.

கத்தியை முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேயுங்கள். அழுக்கு மிச்சமிருந்தால், அடுத்து ஊறவைக்கும் பிளீச்சிங் பவுடரின் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த மேல்தண்ணீரில் 10 நிமிடம் மூழ்கவிடுங்கள். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். கூடுதலாக ஊறினால் துருப்பிடிக்கும். பவுடர் பழசானால் வீரியம் போய்விடும், கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். ஆசிட் பட்ட பாத்திரம் கூடவே கூடாது, விஷவாயு கிளம்பும். கடைக்கு மூன்று கத்தி இருந்தால் யாரையும் காக்கவைக்க வேண்டியதில்லை.

காலையில் ஊற்றிய டெட்டால் தண்ணீரில் ராத்திரி வரை சீப்பையும் கத்திரியையும் முக்கி முக்கி எடுப்பது வெறும் கண்துடைப்பு.

ட்ரிம்மரை அணைத்து, பிரஷ்ஷால் முடியைத் தட்டிவிட்டு, 70 சதவீத ஸ்பிரிட் அடித்துத் தானாகக் காயவிடுங்கள். சுத்த ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்ல நேரம் போதாது. தலையில் படர்தாமரை இருப்பவருக்கு மெஷின் வைக்காமல், மருந்து போட்டு ஆறியபின் வரச் சொல்லுங்கள்.

ஒரே படிகாரக் கல்லை எல்லார் கன்னத்திலும் தேய்ப்பதை இன்றே நிறுத்த வேண்டும். பொடியாக்கி, பஞ்சில் தொட்டு வைத்துவிட்டுப் பஞ்சைத் தூக்கிப் போடுங்கள்.

ஏற்காட்டில் மழை மாதங்களில் துண்டுதான் பெரும்பாடு. பனிமூட்டத்தில் கொடியில் போட்டது சாயங்காலமும் ஈரமாகவே இருக்கும். ஈரத்துண்டில் பூஞ்சை பெருகும். கூடுதல் துண்டு வாங்கி வையுங்கள், வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள். கழுத்தைச் சுற்ற டிஷ்யூ பேப்பர் போதும்.

பழைய பிளேடு குப்பைக்கூடையில் விழுந்தால் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் டேப் ஒட்டி, உள்ளே பிளேடு இருப்பதைச் சொல்லி, அவரிடம் தனியாகக் கொடுங்கள்.

கத்தி பிடிக்கும் ஒவ்வொருவரும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்: மூன்று ஊசி, முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.