பெங்களூர்ல ஞானஸ்நானம் எடுக்கணுமா, சபை மாறணுமா? முதல்ல இதப் படிச்சிட்டு போங்க

ஊர்ல இருந்து வேலைக்கு பெங்களூர் வந்த கொஞ்ச நாள்லயே நிறைய பேருக்கு இந்த கேள்வி வந்துடுது. நாசரேத் பக்கமோ மார்த்தாண்டம் பக்கமோ சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்ல கைக்குழந்தையா ஞானஸ்நானம் வாங்கினவங்க, இங்க பிஜில கூட தங்கியிருக்கிற அக்கா கூப்பிட்டாங்கன்னு மாரத்தஹள்ளில ஏதோ ஒரு சபைக்கு போவாங்க, ஆராதனை நல்லா இருக்கும், மெசேஜ் மனசுல படும், அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை பாஸ்டர் சாதாரணமா "சிஸ்டர், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாச்சா?"ன்னு கேப்பார். அன்னைக்கு ராத்திரி தூக்கம் போயிடும்.

இதுல மூணு விஷயம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்கு. ரட்சிக்கப்பட்டேனா, ஞானஸ்நானம் சரியா வாங்கினேனா, எந்த சபைல நான் ஆளு. மூணையும் தனித்தனியா எடுத்து யோசிங்க.

ரட்சிப்பு பத்தி சபைகளுக்குள்ள சண்டை நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீங்க, அது தேவனுடைய ஈவுன்னு எபேசியர் 2:8 சொல்றத எல்லா சபையும் ஒத்துக்கும். 1999ல கத்தோலிக்க சபையும் லூத்தரன் சபைகளும் உக்காந்து இதுல அடிப்படை விஷயங்கள்ல எங்களுக்குள்ள கருத்து ஒண்ணுதான்னு கையெழுத்தே போட்டாங்க. சண்டை வர்றது அடுத்த கேள்வில, ஞானஸ்நானம் இல்லாம ரட்சிப்பு உண்டான்னு. இயேசு பக்கத்துல சிலுவைல தொங்கின கள்ளன் தண்ணியே தொடாம பரதீசுக்கு போனான்னு ஒரு பக்கம் சொல்வாங்க, மாற்கு 16:16ல விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்னு சேர்த்தே போட்டிருக்கேன்னு இன்னொரு பக்கம். பெரும்பாலான சபைகளோட நிலைப்பாடு என்னன்னா, வழி இல்லாம போனவனுக்கு கதவு அடைக்கல, வழி இருந்தும் எடுக்காதவனுக்கு சாக்கும் இல்ல. அதனால "இந்த வாரமே எடுக்கலேன்னா செத்தா நரகம்"னு யாராவது அவசரப்படுத்தினா நிதானமா எழுந்து வந்துடுங்க.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வருவோம், குழந்தை ஞானஸ்நானம். பெந்தெகொஸ்தே, ஏஜி (அசெம்பிளிஸ் ஆஃப் காட்), பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள் எல்லாம் சொல்றது, முதல்ல விசுவாசம் அப்புறம் தண்ணி, குழந்தைக்கு விசுவாசிக்க தெரியாது, அதனால சின்ன வயசுல தெளிச்சது கணக்குல வராது. ரோமர் 6ல சொல்ற மாதிரி கிறிஸ்துவோட அடக்கம் பண்ணப்படுறதுன்னா முழுசா தண்ணிக்குள்ள போகணும்ங்கிறது அவங்க வாதம். சிஎஸ்ஐ, லூத்தரன், கத்தோலிக்கர் பக்கம் பாத்தா, ஞானஸ்நானம் நான் கடவுளுக்கு பண்றது இல்ல கடவுள் எனக்கு பண்றது, அதனால குழந்தைக்கும் உண்டு, பெத்தவங்க விசுவாசத்துல குடுக்கிறோம், பிள்ளை வளந்ததும் தன் வாயால அறிக்கை பண்றதுதான் திடப்படுத்தல். பிலிப்பி சிறைச்சாலைக்காரன் கதையை (அப்போஸ்தலர் 16) ரெண்டு பேருமே எடுப்பாங்க. வீட்டார் எல்லாரும் ராத்திரியே ஞானஸ்நானம் வாங்கினாங்களே, குழந்தை இல்லாம இருக்குமான்னு சிஎஸ்ஐ, கத்தோலிக்கர் பக்கம் கேப்பாங்க, அடுத்த வசனத்துல வீட்டார் எல்லாரும் விசுவாசிச்சு மகிழ்ந்தாங்கன்னு இருக்கே, கைக்குழந்தையா விசுவாசிச்சதுன்னு பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் பக்கம் கேப்பாங்க. ரெண்டு பக்கமும் வெறும் பிடிவாதம் இல்ல, அதுவரைக்கும் புரிஞ்சா போதும்.

பாஸ்டர் மனசுல இருக்கிறது முதல் ஞானஸ்நானம், உங்க அம்மா காதுல விழுறது மறு ஞானஸ்நானம். சிஎஸ்ஐயும் கத்தோலிக்க சபையும் பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேர்ல ஒரு தடவை வாங்கினது ஆயுசுக்கும் போதும்ங்கிற கொள்கைல இருக்காங்க. 1982ல பெரு நாட்டு லிமால சபைகள் கூடி எழுதின அறிக்கையும் ஞானஸ்நானத்த திருப்பி குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. அதனால ஊருக்கு போன் போட்டு சொன்னீங்கன்னா, "ஏட்டி, அப்போ நாங்க உனக்கு குடுத்தது வெறும் தண்ணியா?"ன்னுதான் முதல் கேள்வி வரும். அதுக்கு வசனம் எடுத்து விடாதீங்க. "இல்லம்மா, நீங்க வளத்ததாலதான் நான் இங்க வந்து நிக்கேன்"னு சொல்லிட்டு, முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஊர் ஐயர்கிட்டயும் (சிஎஸ்ஐ போதகர) நேர்ல போய் பேசுங்க. நான் சிஎஸ்ஐக்காரன், என் சாய்வு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், ஆனா மனசாட்சிப்படி முழுக்கு எடுக்கிறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். பிஜில எல்லாரும் எடுத்துட்டாங்கன்னு எடுக்கிறவங்கள பத்திதான் எனக்கு கவலை.

நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றது ஒண்ணுதான்: எந்த சபைல ஒட்டி இருக்கப் போறீங்களோ அந்த சபைலதான் ஞானஸ்நானம் எடுக்கணும். கன்வென்ஷனுக்கு போன இடத்துல, ரிட்ரீட் போன இடத்துல, யூடியூப்ல பாத்த ஊழியக்காரர் கையால எடுத்துட்டு வந்து அப்புறம் சபை தேடுறது தலைகீழ் வேலை. பைபிள்ல (அப்போஸ்தலர் 8) எத்தியோப்பிய மந்திரி போற வழில தண்ணிய பாத்து அன்னைக்கே எடுத்தாரேன்னு கேப்பீங்க. சரிதான், ஆனா அவர் ஊருக்கு ஒரேயடியா திரும்பி போயிட்டு இருந்தவர், நீங்க இங்க சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்ல இன்னும் பல வருஷம் நிக்கப் போறவங்க.

அதனால முதல்ல ஒரு சபைல சும்மா போய் உக்காருங்க, மூணு நாலு மாசமாவது. தமிழ் ஆராதனை வேணும்னா இங்க பஞ்சமே இல்ல, 1809ல கண்டோன்மென்ட் வந்ததுல இருந்தே பட்டாளத்தோட வந்த தமிழ் ஜனங்க இங்க இருக்காங்க, அதனால சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கமெல்லாம் பழைய தமிழ்க் கோயில்கள் கிடைக்கும். ஹெய்ன்ஸ் ரோடு வெஸ்லி தமிழ் கோயில் சிஎஸ்ஐக்காரங்களுக்கு தெரிஞ்ச இடம். ஆனா நீங்க இருக்கிறது எலக்ட்ரானிக் சிட்டின்னா ஒவ்வொரு ஞாயிறும் அவ்வளவு தூரம் போவீங்களான்னு உண்மையா யோசிங்க. உடம்பு சரியில்லாம படுத்தா கஞ்சி கொண்டு வர்ற தூரத்துல சபை இருக்கணும். கிட்ட இருக்கிற சுமாரான பாட்டு, தூரத்துல இருக்கிற அருமையான பாட்ட விட மேல்.

கத்தோலிக்கர்களுக்கு இதுல கணக்கே வேற. பங்குங்கிறது எல்லை வச்சு பிரிக்கிறது, நீங்க குடியிருக்கிற ஏரியா எந்த பங்குக்குள்ள வருதோ அங்கதான் பேர் பதியணும். தமிழ்ப் பூசைக்கு சிவாஜிநகர் மாதா பசிலிக்கா போகலாம், வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயில்ல கூட்டத்துல நிக்கலாம், எல்லாம் நல்லதுதான், ஆனா கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கணும்னு (கோயில்ல கல்யாண அறிவிப்பு சொல்லணும்னு) வரும்போது உங்க ஏரியா பங்குத்தந்தைதான் லெட்டர் குடுக்கணும், அவருக்கு உங்க முகமே தெரியாதுன்னா சிக்கல். புதுசா வர்றவங்களுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் மறைக்கல்வி, அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி திருமுழுக்கு. சிஎஸ்ஐல இருந்து கத்தோலிக்கத்துக்கு போனா திரும்ப தண்ணி ஊத்த மாட்டாங்க, விசுவாச அறிக்கையும் உறுதிபூசுதலும்தான் (அவங்க திடப்படுத்தலுக்கு சொல்ற பேர்).

உக்காந்திருக்கிற அந்த மாசங்கள்ல சில விஷயத்த கவனிங்க. காணிக்கை கணக்கு சபைக்கு முன்னாடி வாசிக்கிறாங்களா? பாஸ்டர் தப்பு பண்ணா கேக்க மூப்பர்களோ கமிட்டியோ இருக்கா? (சிஎஸ்ஐ கமிட்டி எலெக்‌ஷன் பாத்தவங்க சிரிப்பீங்க, ஆனா கேக்க ஆளே இல்லாத இடத்துக்கு அந்த சண்டையே தேவலாம்.) எந்த பேர்ல ஞானஸ்நானம் குடுக்கிறாங்கன்னும் கேளுங்க. சில சபைகள்ல பிதா குமாரன் பரிசுத்த ஆவின்னு சொல்லாம "இயேசுவின் நாமத்தில்"னு மட்டும் குடுப்பாங்க, திரித்துவத்த அவங்க ஏத்துக்கிறதில்ல, அது பின்னாடி வேற எந்த சபைக்கு போனாலும் பிரச்சினை ஆகும்.

கிறிஸ்தவ குடும்பம் இல்லாம நீங்களா விசுவாசிச்சு வர்றீங்கன்னா பேப்பர் வேலை வேற இருக்கு, இத எந்த பாஸ்டரும் மேடைல சொல்றதில்ல. கர்நாடகாவுல 2022ல வந்த மதமாற்ற சட்டம், மாறுறதுக்கு 30 நாள் முன்னாடியே மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்கணும்னு சொல்லுது. 2023 ஜூன்ல அத வாபஸ் வாங்க மாநில கேபினட் முடிவு பண்ணுச்சு, அதனால நீங்க எடுக்கிற தேதில நிலைமை என்னன்னு ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டே நாள் குறிங்க. எஸ்சி சர்டிபிகேட் வச்சிருந்தா இன்னும் கவனம். 1950 ஜனாதிபதி ஆணைப்படி அது இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டும்தான். 2024 நவம்பர்ல புதுச்சேரி கேஸ் ஒண்ணுல ஞானஸ்நானம் வாங்கி சர்ச்சுக்கு போயிட்டு இருக்கிறவங்களுக்கு எஸ்சி சர்டிபிகேட் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இது நியாயமான்னு கேட்டா எனக்கு இல்லேன்னுதான் தோணுது, ஆனா தெரிஞ்சுக்காம தண்ணில இறங்காதீங்க.

முழுக்கு எடுக்கிற நாளுக்கு: வெள்ளை டிரஸ் சொன்னாங்கன்னா உள்ள கெட்டித் துணி போடுங்க, பொண்ணுங்க துப்பட்டாவ ரெண்டு பக்கமும் பின் குத்திடுங்க, கான்டாக்ட் லென்ஸ் கழட்டிடுங்க. தொட்டிக்குள்ள கால் வழுக்கும், மெதுவா இறங்குங்க. பாஸ்டர் ஒரு கைய உங்க முதுகுல வச்சு இன்னொரு கையால நீங்க கோத்து வச்சிருக்கிற கைய பிடிப்பார், நீங்களா விழாதீங்க, முட்டிய லேசா மடக்கி அவர் சாய்க்கிறபடி சாஞ்சா போதும், மூக்குல கர்ச்சீப் வச்சுக்கலாம். டிசம்பர்னா தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், ரெண்டு டவல் எடுத்துட்டு போங்க.

எடுத்ததும் சர்டிபிகேட் வாங்காம வராதீங்க, ரெஜிஸ்டர்ல பேர் ஏறுச்சான்னும் கண்ணால பாருங்க. குழந்தைல எடுத்ததே போதும்னு முடிவு பண்ணவங்க ஊர் சேகர ஆபீஸ்ல (ஊர் சபையோட நிர்வாக ஆபீஸ்) ஞானஸ்நானம், திடப்படுத்தல் ரெண்டுக்கும் சர்டிபிகேட்டும் ஒரு டிரான்ஸ்ஃபர் லெட்டரும் வாங்கிட்டு வந்து இங்க குடுத்தா வேலை முடிஞ்சது. சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் கட்டுற சந்தா) பாக்கி இருந்தா அத கட்டிட்டுதான் லெட்டர் தருவாங்க, அதனால போறதுக்கு முன்னாடியே அப்பாகிட்ட கேட்டுக்கோங்க. லெட்டர்ல உங்க இனிஷியல விரிச்சு ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே எழுத சொல்லுங்க, ஊர்ல கூப்பிடுற பேர மட்டும் போட்டுக் குடுத்துடுவாங்க, அத திருத்த இன்னொரு தடவை பஸ் ஏறணும்.