செல் பாடம்: அணு, சவ்வு, சுவாசம் என்று நாம் தடுமாறும் இடங்கள்

போன வாரம் ஒரு பிள்ளை கேட்டாள்: "மிஸ், அணுதான் ரொம்பச் சின்னதுன்னு கெமிஸ்ட்ரில படிச்சோம். சிவப்பணுவும் அணுதானே, அதுக்குள்ள எப்படி இரும்பு இருக்கும்?" பக்கத்தில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி, சிரித்தவர்களிடம் திருப்பிக் கேட்டபோது அவர்களுக்கும் பதில் தெரியவில்லை.

கடலூரில் மாலை நேரங்களில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். செல் பாடத்தில் வரும் தவறுகளில் பாதி, படிக்காததால் வருவதில்லை என்று இத்தனை நாளில் எனக்கு உறுதியாகிவிட்டது. வீட்டில் ஒரு பொருளில் பழகிய சொல் பாடத்துக்குள் வேறு பொருளில் வந்து உட்கார்ந்திருக்கும், பிள்ளை பழைய பொருளையே பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விடும், யாரும் நிறுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அணுவையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியலில் அணு என்றால் ஆட்டம். ஆனால் செல்லை உயிரணு என்கிறோம், ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு என்கிறோம், இவையெல்லாம் முழுச் செல்கள். ஒரு சிவப்பணுவின் அகலம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் 4 இரும்பு அணுக்கள். அதாவது ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இரும்பு அணுக்கள் மட்டும் 100 கோடிக்கு மேல்! இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியதும் அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. அதனால் விடைத்தாளில் செல்லின் நியூக்ளியஸுக்கு 'உட்கரு' என்றே எழுதுங்கள், 'அணுக்கரு' வேண்டாம், அது இயற்பியலில் வரும் புரோட்டான் நியூட்ரான் சமாச்சாரம். அப்புறம், எல்லாச் செல்லிலும் உட்கரு இருக்கும் என்றும் எழுதாதீர்கள். முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கருவும் கிடையாது, செல்லுக்கு ஆற்றல் எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது, இரண்டும் இல்லாமலேயே அது சுமார் 120 நாள் ஓடுகிறது.

அடுத்தது சவ்வு. நம் வீட்டுப் பேச்சில் இது ஜவ்வு. காது ஜவ்வு, முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டது, ஜவ்வு மிட்டாய், ஜவ்வு மாதிரி இழுக்கிறான். எல்லாமே இழுத்தால் நீளும் உறுதியான ஒரு பொருள். பிள்ளைகள் செல் சவ்வையும் அப்படித்தான் நினைக்கிறார்கள், தண்ணீர் நிரப்பிய பலூனின் ரப்பர் மாதிரி. உண்மையில் அது பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கும் எண்ணெய்ப் படலம். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது, அதனால் வால்கள் உள்பக்கமாகத் திரும்பி ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளுக்கு இடையே வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. ஒரு லிப்பிட் மூலக்கூறு தன் அடுக்கிலேயே நகர்ந்து நகர்ந்து, 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு பாக்டீரியாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறத்தாழ ஒரு நொடியில் போய்விடும். சிங்கர், நிக்கல்சன் என்ற விஞ்ஞானிகள் 1972-ல் சொன்ன பாய்ம மொசைக் மாதிரியில் 'பாய்ம', அதாவது திரவம் போல ஓடும், என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது, அதை மனப்பாடம் செய்துவிட்டுப் படத்தில் விறைப்பான கோடு போடுகிறோம். மெல்லிய ஊசியால் குத்தி எடுத்தால் சின்ன ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளும். பலூனில் அது நடக்குமா?

சவ்வின் தடிமன் என்ன தெரியுமா? 7, 8 நானோமீட்டர். 20 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்லை 10 அடி அறையாகப் பெரிதாக்கினால், அந்தக் கணக்கில் அறையின் சுவர் 1 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

கொழுப்பு என்ற சொல்லும் இப்படித்தான். டாக்டர் 'கொழுப்பு ஜாஸ்தி' என்று சொன்னதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, சவ்வு கொழுப்பால் ஆனது, விலங்குச் செல் சவ்வுக்கு கொலஸ்ட்ரால் தேவை என்றால் நம்ப மறுக்கிறது. தேவைதான், சவ்வின் இளக்கத்தைச் சரியான அளவில் வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. இது போதும், அடுத்ததுக்குப் போவோம், அங்கேதான் எல்லோரும் மார்க்கை விடுகிறார்கள்.

பிளாஸ்மா சிதைவு, அதாவது தண்ணீர் வெளியேறி, தாவரச் செல்லின் உள்பகுதி சுவரை விட்டுச் சுருங்குவது. ரியோ என்ற அழகுச் செடியின் இலையின் அடிப்பக்கத்தில் ஊதா நிறத் தோலை உரித்து, சிலைடில் வைத்து, கெட்டியான உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட வேண்டும். சில நிமிடங்களில், செல்லை நிறைத்துக்கொண்டிருந்த ஊதா, நான்கு மூலையிலிருந்தும் விலகி, நடுவில் உருண்டையாகச் சுருங்கும். சுவர் அப்படியே நிற்கும், அசையாது. இதைப் பார்த்துவிட்டு எழுதும் விடையில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஊதா உருண்டையைச் சிலர் உட்கரு என்று குறிக்கிறார்கள். அது உட்கரு இல்லை, ஊதா நிறம் வாக்குவோலுக்குள், அதாவது செல்லுக்குள் இருக்கும் பெரிய பைக்குள், இருக்கும் சாற்றின் நிறம். இரண்டாவது, சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் காற்று அல்லது வெற்றிடம் இருக்கிறது என்று எழுதுவது. அங்கே இருப்பது நீங்கள் விட்ட உப்புக் கரைசலேதான்! செல்சுவர் உப்பையும் தண்ணீரையும் தடுக்காது, அது முழுக்கத் திறந்த வேலி மாதிரி, தேர்ந்தெடுத்து விடுவது சவ்வு மட்டும்தான். நீட் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரு வரியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, 'உப்பு உள்ளே போய்ச் செல்லைச் சுருக்கியது' என்பது. போனது உப்பு இல்லை, வெளியே வந்தது தண்ணீர். உடனே உப்பை வழித்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும், செல் செத்திருந்தால் அது விரியாது.

இதைச் சொன்னபோது தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் விடவில்லை. "மிஸ், எங்கம்மா கருவாட்டுக்கு உப்பு போட்டு அடுக்கினா அடியில தண்ணி கோத்துக்கும், அது சரி. ஆனா உப்பு உள்ள போவலன்னா கருவாடு எப்படி உள்ள வரைக்கும் கரிக்குது?" அருமையான கேள்வி. ரியோ இலை உயிரோடு இருக்கிறது, அதன் சவ்வு வேலை செய்கிறது. மீன் செத்துவிட்டது, செத்த செல்லின் சவ்வு கொஞ்ச நேரத்தில் கட்டுக்கோப்பை இழந்துவிடும், அப்புறம் தண்ணீரும் வெளியே வரும், உப்பும் உள்ளே போகும், இரண்டுமே நடக்கும். சவ்வூடு பரவலுக்கு, அதாவது சவ்வின் வழியே தண்ணீர் கடப்பதற்கு, கருவாட்டை உதாரணமாக எழுதுபவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்து எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் பீட்ரூட் துண்டைக் கழுவிப் பச்சைத் தண்ணீரில் ஒன்று, கொதிக்கும் தண்ணீரில் ஒன்று போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம்தான் நிறம் இறங்கும், அதுவும் கத்தி பட்ட செல்களிலிருந்து. கொதிநீரில் சவ்வு கெட்டு, நிறம் குபுகுபுவென்று வெளியேறும்.

அப்படியென்றால் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உப்புத் தண்ணீரிலேயே நிற்கும் சுரபுன்னை மரம் எப்படிச் சுருங்காமல் இருக்கிறது? 'அதற்குத் தடித்த செல்சுவர்' என்று எழுதுவார்கள். சுவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போதுதான் பார்த்தோம். அந்த மரங்கள் செல்லுக்குள்ளேயே கரைபொருள்களைச் சேர்த்து, வெளியே இருப்பதைவிட உள்ளே அடர்த்தியைக் கூட்டி வைத்துக்கொள்கின்றன, அதனால் தண்ணீர் உள்ளே வருகிறது. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். அங்கேயே நிற்கும் வெண்கண்டல் மரத்தின் இலையில் உப்புச் சுரப்பிகள் உண்டு, படகில் போகும்போது ஓர் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

அதே வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்ட மாதிரி நிற்பவை சுவாச வேர்கள். இங்கேதான் அடுத்த சொல் குழப்புகிறது. சுவாசம் என்றால் நமக்கு மூச்சு, மூக்கு, நெஞ்சு ஏறி இறங்குவது. செல் சுவாசம் அது இல்லை, உணவைப் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றலை எடுப்பது. இந்தக் குழப்பத்தால்தான் 'தாவரம் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்' என்று எழுதுகிறார்கள். தாவரச் செல் 24 மணி நேரமும் சுவாசிக்கிறது. 'விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரத்துக்கு (ஒளிச்சேர்க்கை நடக்கும்) பசுங்கணிகம்' என்று அட்டவணை போடுவதும் தப்பு, தாவரச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா கட்டாயம் உண்டு. சேற்றுக்குள் இருட்டில் கிடக்கும் வேர்ச் செல்லில் பசுங்கணிகம் ஏது? அந்தச் சேற்றில் ஆக்சிஜனும் குறைவு, வேரின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் கொடுக்கத்தான் அந்தப் பென்சில்கள் மேலே வந்து நிற்கின்றன.

இன்னொன்று, நாம் இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பன் டை ஆக்சைடாகத் திரும்புகிறது என்று பெரியவர்களே சொல்கிறார்கள். இல்லை. ஆக்சிஜன் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் கார்பன் நாம் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்தது. குளுக்கோஸ் நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதும் இல்லை, வெளியே சைட்டோபிளாசத்திலேயே பைருவேட் என்ற சிறிய மூலக்கூறாக உடைந்த பிறகுதான் உள்ளே போகிறது.

செல் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபி (ATP, அடினோசின் ட்ரைபாஸ்பேட்) பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 'ஏடிபியின் பாஸ்பேட் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது' என்று எல்லா நோட்டிலும் இருக்கிறது, வேதியியல் பீரியடில் 'பிணைப்பை உடைக்க ஆற்றல் வேண்டும்' என்றும் அதே பிள்ளை எழுதுகிறது, இரண்டும் மோதுவது அதற்குத் தெரிவதே இல்லை. சரியானது வேதியியல்தான். பழைய கூரையைப் பிரிக்கவும் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும், பிரித்ததற்கு யாரும் நமக்குக் காசு தர மாட்டார்கள். ஏடிபி தண்ணீரோடு வினைபுரிந்து, ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட் (ADP), தனி பாஸ்பேட் என்று இரண்டாகிறது. முன்பு பக்கத்துப் பக்கத்தில் நெருங்கி நின்று ஒன்றை ஒன்று தள்ளிய எதிர்மின் சுமைகள் இப்போது விலகிவிட்டன, தண்ணீர் மூலக்கூறுகள் இரண்டையும் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன, புதிய பிணைப்புகள் உருவாகின்றன. உடைக்கச் செலவானதைவிட இதில் கிடைப்பது அதிகம், அந்த மிச்சம்தான் மோலுக்கு 30.5 கிலோஜூல். ஆகவே 'ஏடிபியின் நீராற்பகுப்பில் ஆற்றல் வெளிவருகிறது' என்று எழுதுங்கள், சில சொற்கள்தான் மாறுகின்றன, ஆனால் விஷயம் சரியாகிவிடும்.

புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் இரண்டு பகுதிகள் 60எஸ், 40எஸ், இவை சேர்ந்து எப்படி 80எஸ் என்று கேட்பவர்களுக்கு: எஸ் என்பது எடை இல்லை, மையவிலக்கில் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்ற அளவு, வடிவமும் அதில் சேரும், அதனால் கூட்டல் கணக்கு ஒத்துவராது. இன்னொரு சின்னத் திருத்தம்: செல்லுக்கு அந்தப் பெயரை வைத்த ராபர்ட் ஹூக் 1665-ல் தக்கையில் பார்த்தது உயிருள்ள செல்லை இல்லை, செத்த செல்களின் சுவர்களை.

சைட்டோபிளாசத்தை வெறும் தண்ணீர் என்று நினைப்பதும் உண்டு. சுமார் 70 சதவீதம் தண்ணீர்தான், ஆனால் மீதி இடத்தில் புரதமும் ஆர்.என்.ஏ.வும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த நெரிசல் புரியும், அங்கே யாரையும் இடிக்காமல் நகர முடியாது.

கடைசியாக வெங்காயத் தோல் சிலைடு. உட்கருவை எல்லோரும் செல்லின் நட்டநடுவில் வரைகிறார்கள், புத்தகப் படத்தில் அப்படிப் பார்த்த பழக்கம். அயோடின் போட்டு உண்மையில் பாருங்கள், பெரிய வாக்குவோல் தள்ளிவிட்டதால் முக்கால்வாசிச் செல்களில் அது சுவரை ஒட்டி ஓரத்தில் கிடக்கும். சில செல்களில் உட்கருவே தெரியாது. இல்லை என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள், செல்லுக்கு ஆழமும் உண்டு. நுண்ணோக்கியின் சின்னத் திருகை ஒரு கால் சுற்று மெதுவாகத் திருப்புங்கள், இந்தச் செல்லின் சுவர் மங்கும், அதற்குக் கொஞ்சம் கீழே இருந்து மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு வட்டம் தெளிந்து வரும்.